மூங்கில்: மரமா, புல்லா?

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 'மரம்' என்னும் சொல்லுக்குத் தன் 2ஆம் பிரிவில் ஒரு விளக்கம் தந்தது. பனை இனங்களும் மூங்கிலும் பிரம்பும் மரம் என்னும் சொல்லுள் அடங்கும் என்பது அதன் கூற்று. சட்ட நூலில் அது ஒரு வரிதான். ஆயினும் அவ்வொரு வரி, காட்டோரத்திலும் சிற்றூரிலும் வாழ்ந்த பல்லாயிரம் மக்களின் பிழைப்பைத் தொட்டது. மூங்கில் மரமானால் அதனை வெட்டுவது மரம் வெட்டுவதாகும். அதனை வண்டியில் ஏற்றிச் செல்வது மரம் கடத்துவதாகும். தன் நிலத்தில் தானே நட்டு வளர்த்த மூங்கிலை வெட்டி விற்பதற்கும் பல மாநிலங்களில் உழவர் அரசின் இசைவுச் சீட்டைப் பெற வேண்டியிருந்தது. கூடையும் முறமும் பாயும் முடைந்து வாழ்ந்தோர், அவற்றுக்கு வேண்டிய கழியைப் பெறுவதற்கு அலுவலகம் அலுவலகமாக நடந்தனர்.

தாவர நூலாரிடம் கேட்டிருந்தால், மூங்கில் மரம் அன்று, அது புல் என்று கூறியிருப்பர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருளாகக் கொண்டது. அச்சட்டத்தின் துணையால் மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா லேகா என்னும் சிற்றூர், தன் காட்டு மூங்கிலை வெட்டி விற்கும் உரிமையை 2011இல் பெற்றது. 2017ஆம் ஆண்டு நவம்பரில் வந்த அவசரச் சட்டமும், அதனைத் தொடர்ந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தமும் 'மரம்' என்பதன் விளக்கத்திலிருந்து மூங்கில் என்னும் சொல்லை நீக்கின. காட்டில் வளரும் மூங்கிலுக்குக் காட்டு விதிகள் இன்றும் உண்டு. காட்டுக்கு வெளியே வயலோரத்திலும் கொல்லையிலும் வளர்வதற்கே இத்திருத்தம் விடுதலை தந்தது. ஒரு செடியின் குடும்பப் பெயரைச் சரியாகச் சொல்வதற்கு 90 ஆண்டுகள் ஆயின!

இனி, மூங்கில் எவ்வாறு புல்லாகும் என்பதைக் காண்போம். முப்பது மீட்டர் உயரம் வளர்வதும், வீட்டுக்கு உத்தரமாவதும், ஆற்றுக்குப் பாலமாவதும் ஆகிய ஒன்றைப் புல் என்று சொன்னால் நம்புவது கடினமே. கண்ணால் கண்ட உயரத்தை விட்டுவிட்டு, வெட்டிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

தொல்காப்பிய மரபியல் இதற்கு ஒரு தெளிவான அளவுகோல் தருகிறது. உறுதியான பகுதி வெளிப்புறத்தே அமைந்தவை புல். உறுதியான பகுதி உள்ளே அமைந்தவை மரம். முன்னதைப் புறக்காழ் என்றும் பின்னதை அகக்காழ் என்றும் அந்நூல் வழங்கும். தேக்கை வெட்டினால் நடுவே கருத்த வைரம் தெரியும். மூங்கிலை வெட்டினால் நடுவே வெற்றிடம். வலிமை முழுவதும் விளிம்பில் இருக்கும். உயரத்தையும் பருமனையும் கொண்டு பிரிக்காமல், உள்ளமைப்பைக் கொண்டு பிரித்ததே அந்நூலின் சிறப்பு. இதனால் பண்டைத் தமிழர் இன்றைய தாவரவியல் முழுவதையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அவர்கள் வெட்டிப் பார்த்தனர், கண்டதைச் சொன்னார்கள். அந்த அளவுகோலின்படி தென்னையும் பனையும்கூடப் புல்லாகிவிடும். இன்றைய பகுப்பில் பனையும் தென்னையும் புல் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரங்கள். எனவே தொல்காப்பியம் 'புல்' என்றது இன்றைய புல் குடும்பத்தைவிடப் பரந்த ஒரு கூட்டத்தை எனக் கொள்வதே பொருத்தம்.

புறக்காழ் என்பதன் காரணத்தை நுண்ணோக்கி காட்டுகிறது. மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் வளர்படலம் ஒன்று உண்டு. அது ஆண்டுதோறும் உட்புறமாகப் புதிய கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகும். மரம் பருத்துக்கொண்டே வரும். மூங்கிலில் அப்படலம் இல்லை. நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கற்றைகள் அதன் தண்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. உட்புறத்தில் அவை அருகியும், வெளிவிளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கியும் உள்ளன. ஒவ்வொரு கற்றையையும் வலிய நார்கள் சூழ்ந்திருப்பதால், கற்றை நெருங்கிய விளிம்பே உறுதி மிக்கதாகிறது. மேல்தோலில் சிலிக்கா என்னும் மணற்சத்தும் படிந்துள்ளது. மூங்கிலைச் சீவும்போது கத்தியின் முனை விரைவில் மழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேம்பியம் இல்லாத மூங்கில் ஆண்டுதோறும் பருக்க இயலாது. ஆகையால் அது வேறு வழியை மேற்கொண்டது. மண்ணுக்குள் இருக்கும் மட்டத்தண்டிலிருந்து மூங்கிற்குருத்து வெளிவரும்போதே அதன் முழுப் பருமனோடு வெளிவருகிறது. கணுக்களும் குருத்துக்குள்ளேயே அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. பின்னர் ஒவ்வொரு கணுவுக்கும் மேலே உள்ள இளந்திசு நீள்கிறது. மடக்கிய தொலைநோக்கியை இழுத்து நீட்டுவது போன்ற வளர்ச்சி இது. தாய்த்தூர் சேர்த்து வைத்த உணவே இவ்வளர்ச்சிக்கு முதல். எனவேதான் இலை விடும் முன்பே சில மாதங்களில் கழி தன் முழு உயரத்தை எட்டிவிடுகிறது. ஜப்பானில் ஒரு மூங்கிற்குருத்து ஒரே நாளில் ஒரு மீட்டருக்கும் மேலாக வளர்ந்தது பதிவாகியுள்ளது. முழு உயரம் எட்டிய கழி பின்னர் நீள்வதும் இல்லை, பருப்பதும் இல்லை. மூன்று ஆண்டுகள் வரை அது முற்றி இறுகுவது மட்டுமே நிகழும். முற்றாத கழியைக் கொண்டு ஏணி செய்தால் அது நிலைக்காது என்பதைத் தொழிலறிந்தோர் நன்கு அறிவர்.

மண்ணுக்குள் இருக்கும் மட்டத்தண்டு இருவகைப்படும். குறுகித் தடித்து வளைந்து, தாய்க் கழியை ஒட்டியே புதுக் கழியை எழுப்புவது ஒரு வகை. தமிழகக் காடுகளில் காணும் முள்மூங்கில் இவ்வாறு தூராக வளர்வது. மெலிந்து நீண்டு, மண்ணுக்குள் ஓடி, தொலைவில் ஆங்காங்கே கழிகளை எழுப்புவது மற்றொரு வகை. சீனாவிலும் ஜப்பானிலும் பெரும் மூங்கிற்காடுகள் பரவியிருப்பது இந்த ஓட்டத்தினால்தான்.

புல் குடும்பத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றை இன்றைய தாவர நூலார் பன்னிரண்டு துணைக்குடும்பங்களாகப் பகுப்பர். அவற்றுள் ஒன்று மூங்கில் துணைக்குடும்பம். அறிவியல் பெயர் பாம்பூசாய்டியே. உலகில் ஏறத்தாழ 1,600 இனங்களும், இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களும் இதில் அடங்கும். ஐரோப்பாவில் இயற்கையாக வளரும் மூங்கில் இல்லை. அதனால்தானோ என்னவோ, 1753இல் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயசு முள்மூங்கிலைத் தாம் அறிந்த பெருநாணலோடு சேர்த்து 'அருண்டோ' என்னும் பேரினத்தில் வைத்தார். பிற்காலத்தார் அதனைப் பிரித்து 'பாம்பூசா' என்னும் தனிப் பேரினம் ஆக்கினர். இந்திய மூங்கில்களைப் பற்றிய பெருநூலை 1896இல் வெளியிட்டவர் ஜே. எசு. காம்பிள்; சென்னை மாகாணத்துத் தாவரங்களைத் தொகுத்தவரும் இவரே.

மூங்கிலின் சுற்றத்தார் யாவர் என்று கேட்டால், கணுக்களைப் பார்த்துக் கரும்பைச் சொல்லத் தோன்றும். அது சரியன்று. மரபணு ஆய்வின்படி மூங்கிலுக்கு மிக நெருங்கிய உறவு கோதுமையும் வாற்கோதுமையும் அடங்கிய துணைக்குடும்பம். அடுத்த உறவு நெல். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, தினை ஆகியவை ஒரு துணைக்குடும்பம், கேழ்வரகு இன்னொன்று, இவை யாவும் தொலைவில் பிரிந்துபோன வேறொரு பெருங்கிளையைச் சேர்ந்தவை. அப்பெருங்கிளையில் மட்டும், கடும் வெயிலிலும் வறட்சியிலும் திறம்பட நடைபெறும் ஒரு சிறப்பு ஒளிச்சேர்க்கை முறை தோன்றியது. கரும்பும் கம்பும் வெயிலில் தழைப்பதற்கு அதுவே காரணம். மூங்கிலுக்கும் நெல்லுக்கும் கோதுமைக்கும் அம்முறை வாய்க்கவில்லை. பஞ்சாபில் கோதுமை வயலின் நடுவே வாழும் தமிழ்ச் சிறுவன் ஒருவன், தன் வாயிலில் நிற்கும் கோதுமைப் பயிரையே மூங்கிலின் தங்கை என்று சொல்லலாம்!

இவ்விடத்தில் புறநானூற்றின் 109ஆம் பாடலை நினைவுகூர்தல் தகும். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அம்மலை தரும் பயன்கள் நான்கு உண்டு என்று கபிலர் அவர்களிடம் கூறுகிறார். அவற்றுள் முதலாவது மூங்கிலின் விளைச்சல். அதனைக் கபிலர் 'நெல்' என்றே குறிக்கிறார். இன்றும் மலைவாழ் மக்கள் மூங்கில் பூத்துக் காய்க்கும்போது அதன் மணிகளைக் கூட்டி எடுத்துச் சோறாக்கி உண்பர். கடைகளில் அது மூங்கிலரிசி என விற்கப்படுகிறது. நெல்லின் மணியைப் போலவே இதுவும் விதையுறையும் கனித்தோலும் ஒன்றாய் ஒட்டிய தானியக்கனி. பூவிலும் ஒப்புமை உண்டு. புற்களுள் பெரும்பாலானவற்றில் மகரந்தத்தாள்கள் மூன்று. நெல்லிலும் மூங்கில் பலவற்றிலும் ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வதும், மலையாளத்தார் 'ஈற்ற' என்று அழைப்பதும் ஆகிய மூங்கில் வகையோ எந்தக் கணக்குக்கும் அடங்காது. அதன் ஒரு பூவில் நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களைக் காணலாம்.

மூங்கில் துணைக்குடும்பத்துக்குள் மூன்று பிரிவுகள் உள. முதலாவது, கட்டைத் தண்டில்லாத சிறு மூங்கில்கள். இவை பெரும்பாலும் தென் அமெரிக்கக் காடுகளின் நிழலில் வளர்வன. சில இனங்கள் விரல் உயரமே இருக்கும். கண்டால் எவரும் மூங்கில் என்று சொல்லமாட்டார். இரண்டாவது, வெப்பமண்டலக் கட்டை மூங்கில்கள். நம் முள்மூங்கிலும் கல்மூங்கிலும் இதனுள் அடங்கும். மூன்றாவது, குளிர்நாட்டுக் கட்டை மூங்கில்கள். உத்தராகண்ட மலையூர்களில் கூடை முடையப் பயன்படும் 'ரிங்கால்' இப்பிரிவினது. வியப்பு என்னவெனில், நீலகிரிச் சோலைகளில் உள்ள சிறுமூங்கிலும் இமயத்து ரிங்காலின் பிரிவையே சேர்ந்தது. சமவெளி முள்மூங்கிலுக்கு அது சற்றுத் தொலைவான உறவுதான். மலையின் குளிர் இரண்டையும் ஒரே குடும்பக் கிளையில் வைத்திருக்கிறது.

கட்டை மூங்கில்கள் தோன்றிய வரலாறு சிக்கலானது. நிழலில் வளரும் சிறு மூங்கில்களில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டே. கட்டை மூங்கில்களிலோ நான்கு அல்லது ஆறு தொகுதிகள் உள்ளன. அத்தொகுதிகள் எல்லாம் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவை அல்ல. வெவ்வேறு பழங்கால மூங்கிலினங்கள் தம்முள் கலந்ததால் பிறந்த கலப்பினங்களே இன்றைய பெருமூங்கில்கள் என ஆய்வாளர் கருதுவர். கலந்த முன்னோருள் சிலர் முற்றிலும் அழிந்துபோயினர். அவர்களின் மரபணுக்கள் மட்டும் கழிக்குள் வாழ்கின்றன.

புல்லின் பழமையை அறிய எலும்பும் கல்லும் உதவுவது அரிது. மெல்லிய இலை மக்கிப் போகும். ஆனால் முன்னர்க் கூறிய சிலிக்கா மக்காது. புல்லின் திசுவறைகளுக்குள் அது நுண்ணிய மணிகளாகப் படிந்து, அறையின் வடிவையே தன் வடிவாகக் கொள்ளும். ஒவ்வொரு புற்கூட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். மகாராட்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்துப் பிசுதுரா என்னும் ஊரில், தாவரம் தின்னும் பேருருவ டைனோசர்களின் கல்லாகிப்போன சாணம் கிடைத்தது. அதனை ஆராய்ந்த வந்தனா பிரசாத், அசோக் சாஹ்னி உள்ளிட்டோர், அதில் புல்லின் சிலிக்கா மணிகளைக் கண்டு 2005இல் உலகுக்கு அறிவித்தனர். அதுவரை, டைனோசர் காலத்தில் புல் பெருகவில்லை என்பதே பொதுக்கருத்து. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, இந்தியா தனித்தீவாய் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நாளில், புல் பல கிளைகளாய்ப் பிரிந்திருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. 2011இல் அதே இடத்துப் பொருளில் நெற்கிளையின் மணிகளும் அடையாளம் காணப்பட்டன. நெற்கிளை பிரிந்துவிட்டது என்றால், மூங்கிலும் கோதுமையும் தோன்றவிருந்த கிளையும் அப்போதே தனியாகிவிட்டது என்பது பொருள்.

சிலிக்காவைப் பற்றி இன்னொரு செய்தி. சில மூங்கில்களின் கணுவிடைகளில் அது வெண்ணிறக் கட்டியாய் உறைந்து கிடக்கும். சித்த மருத்துவத்தார் மூங்கிலுப்பு என்பதும், வடநாட்டுக் கடைகளில் வம்சலோசன் என விற்பதும் இதுவே. மூங்கிலில் முத்துப் பிறக்கும் எனப் பழம்புலவர் பாடியது இக்கட்டிகளைக் கண்டோ என எண்ண இடமுண்டு.

மூங்கிலின் எல்லாப் பண்புகளினும் புதிரானது அதன் பூப்பு. நெல் ஆண்டுதோறும் பூக்கும். மூங்கிலில் பல இனங்கள் வாழ்நாளில் ஒரு முறையே பூத்து, காய்த்து, மடியும். ஒரே விதைத் தலைமுறையைச் சேர்ந்த தூர்கள் எங்கே நின்றாலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்கும். முள்மூங்கிலுக்கு இவ்விடைவெளி நாற்பது ஆண்டை ஒட்டியது. ஜப்பானிய மூங்கில் ஒன்றுக்கு 120 ஆண்டுகள். இத்துணைக் காலம் ஏன் காத்திருக்கிறது? டேனியல் ஜான்சன் என்னும் சூழலியலாளர் 1976இல் ஒரு விளக்கம் தந்தார். ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் விதைத்தால் எலியும் பறவையும் அனைத்தையும் தின்றுவிடும். நெடுங்காலம் காத்திருந்து ஒரே வேளையில் மலைபோல் குவித்தால், தின்போர் வயிறு நிறைந்தபின்னும் எஞ்சிய விதை முளைக்கும்.

மூங்கிலுக்கு நன்மையாகும் இவ்வழி மனிதர்க்குப் பெருங்கேடாய் முடிந்த நாடு மிசோரம். அங்குள்ள மலைகளில் பரந்து கிடக்கும் மூங்கிலினம் ஒன்று ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. அதன் கனி பேரிக்காய் போன்று பெரியது. கனி குவிந்ததும் எலிகள் பெருகுகின்றன. கனி தீர்ந்ததும் அவ்வெலிகள் நெற்கொல்லைகளுள் புகுகின்றன. விளைந்த கதிர் ஓரிரவில் ஒழிந்துபோகும். இதனை மிசோ மக்கள் 'மௌதாம்' என்பர். 1911ஆம் ஆண்டை ஒட்டி வந்த பஞ்சத்தை நினைவில் வைத்திருந்த முதியோர், 1950களின் இறுதியில் மீண்டும் அது வரும் என்று எச்சரித்தனர். மாவட்ட மன்றமும் 1958இல் முன்கூட்டியே உதவி கேட்டது. அப்பகுதியை அன்று ஆண்ட அசாம் அரசு அதனை மூடநம்பிக்கை என ஒதுக்கிற்று. பஞ்சம் சொன்னபடி வந்தது. பட்டினிக்கு உணவு வழங்கத் தோன்றிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961இல் தன் பெயரிலிருந்து 'பஞ்ச' என்னும் சொல்லை விட்டுவிட்டு அரசியல் இயக்கமாயிற்று. 1966இல் அது ஆயுதம் ஏந்தியது. 1986இல் உடன்பாடு ஏற்படும் வரை இருபது ஆண்டுகள் அம்மலைகளில் அமைதி இல்லை. மறு ஆண்டு மிசோரம் தனி மாநிலமாயிற்று.

2006, 2007ஆம் ஆண்டுகளில் அதே மூங்கில் மீண்டும் பூத்தபோது எவரும் வியப்படையவில்லை. அரசு முன்னரே திட்டம் வகுத்தது. எலிவால் கொண்டு வந்தோர்க்குப் பணம் கொடுத்தது. நெல்லுக்கு மாற்றாக இஞ்சி, மஞ்சள் பயிரிடத் தூண்டியது. அப்படியும் உழவர் பலர் விளைச்சலை இழந்தனர். அடுத்த பூப்பு 2050களின் நடுவில் வரவேண்டும். இப்பாடத்தை இன்று படிப்போர் அப்போது நாற்பது வயதைக் கடந்திருப்பர்.

அருஞ்சொற்பொருள்

காழ் – உறுதி, வைரம். வேய், கழை, வெதிர், அமை, பணை – மூங்கிலின் பழந்தமிழ்ப் பெயர்கள். தூர் – ஒரே வேரிலிருந்து எழுந்த கழிகளின் கூட்டம். கணுவிடை – இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி. முறம் – தானியம் புடைக்கும் கருவி. சோலை – இங்கு, மலையுச்சிப் பள்ளங்களில் உள்ள பசுமை மாறாக் காடு.

பயிற்சி

1. புறக்காழ், அகக்காழ் இவற்றின் வேறுபாட்டை மூங்கில், தேக்கு இரண்டையும் கொண்டு விளக்குக.

2. வேய் + குழல் = வேய்ங்குழல். இந்தியில் 'பான்சுரி' என்னும் சொல்லும் மூங்கிலின் பெயரிலிருந்தே பிறந்தது. நீவிர் வாழும் மாநிலத்து மொழியில் மூங்கிலுக்கும் மூங்கிற்பொருள்களுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து, தமிழ் எழுத்தில் எழுதுக.

3. பள்ளித் திடலில் உள்ள அறுகம்புல்லின் தண்டு ஒன்றைப் பறித்து, அதன் கணு, கணுவிடை, தண்டைச் சுற்றிய இலையடி ஆகியவற்றை வரைக. மூங்கிற்கழியோடு ஒப்பிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளை ஐந்து தொடர்களில் எழுதுக.

4. மிசோ முதியோரின் எச்சரிக்கையை அதிகாரிகள் ஏற்காமைக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? முதியோர் ஒருவருக்கும் அதிகாரி ஒருவருக்கும் இடையே நிகழும் உரையாடலாக ஒரு பக்க அளவில் எழுதுக.